ஒத்தைக் காலில் பத்து விநாடி
(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் ஆற்றிய உரை)



நான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் மாத்திரை கொடுப்பவள். அதைப் பற்றித்தான் பேசுவேன்னு நினைப்பீங்க. இல்லை, நிற்பதைப் பற்றிப் பேசப் போறேன்.

எங்க குழுவில் ஒரு அக்கா. வயசு 54. பிரஷரும் இல்லை, சுகரும் இல்லை. நான் பையோடு போனால், "எனக்கு எதுக்குடி, வேற வீட்டைப் பாரு"ன்னு சிரிப்பாங்க. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போச்சு. மெழுகுவத்தி எடுக்க எழுந்தவங்க நிலைப்படி தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சிடுச்சு. கறவை மாட்டுக்கு வாங்கின கடன் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போச்சு. மாடும் இல்லை, ஆறு மாசம் வேலையும் இல்லை. தவணை மட்டும் நின்னபாடில்லை. குழுவாச் சேர்ந்துதான் கட்டினோம்.

எங்களோடு வரும் பிசியோதெரபிஸ்ட் மேடத்திடம், "நல்லா இருந்தவங்க எப்படி மேடம் விழுந்தாங்க?"ன்னு கேட்டேன். "நீ ஒத்தைக் காலில் நில்லு"ன்னாங்க. நின்னேன். "இப்ப கண்ணை மூடு"ன்னாங்க. ஆறு எண்ணுறதுக்குள்ள சுவரைப் பிடிச்சுட்டேன். எனக்கு 43 வயசுதான். வெக்கமாப் போச்சு.

நாம் விழாமல் நிற்க மூன்று இடத்திலிருந்து மூளைக்குச் சேதி போகணும். கண் ஒண்ணு. தலை சாய்வதைக் கண்டுபிடிக்கும் உள்காது ஒண்ணு. தரையை உணரும் பாதமும் மூட்டும் தசையும் ஒண்ணு. வயசு ஏற ஏற மூன்றும் மெதுவாக மங்கும். கண்ணை வைத்தே சமாளித்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. கரண்ட் போனால்தான் தெரியுது.

பிரேசில் நாட்டில் 51 முதல் 75 வயது வரை உள்ள 1,702 பேரை ஒத்தைக் காலில் பத்து விநாடி நிற்க வைத்துப் பார்த்திருக்காங்க. 2022-இல் முடிவு வெளியானது. ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அப்படி முடியாதவங்களில், அடுத்து வந்த வருஷங்களில் இறந்தவங்க அதிகம். நிற்காததால் செத்தாங்கன்னு அர்த்தம் இல்லை, பயப்படாதீங்க. உடம்பு தளர்வதை அது முன்கூட்டியே காட்டுது, அவ்வளவுதான்.

செய்யும் முறை இதுதான். செருப்பைக் கழற்றிடுங்க. கை எட்டும் தூரத்தில் சுவர் இருக்கணும், பக்கத்தில் ஒரு ஆள் இருக்கணும். ஒரு பாதத்தை மற்ற காலின் கெண்டைச்சதைக்குப் பின்னால் வைத்து, கையைத் தொங்கவிட்டு, நேரே பார்த்து பத்து எண்ணுங்க. மூன்று தடவை முயற்சி செய்யலாம். தலைசுற்றல் இருக்கிறவங்க செய்ய வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்க.

முடியலைன்னா பழகணும். பழகினால் வரும். முதலில் இரண்டு காலையும் சேர்த்து நில்லுங்க. பிறகு ஒரு காலின் விரலை மறு காலின் குதிகால் தொடும்படி, முன்னும் பின்னுமாக நில்லுங்க. அப்படியே நடக்கவும் செய்யலாம். புல்லுக்கட்டோடு வரப்பில் நடந்த நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை! இப்ப வண்டியில் போறோம், வரப்பு மறந்து போச்சு. அடுத்தது ஒத்தைக் கால். கண்ணை மூடுவது கடைசியில்தான், அதுவும் பிடிமானத்தோடு. எதைப் பழகுறோமோ அதுதான் நல்லா வரும், அதனால் ஒன்றையே செய்யாமல் மாற்றி மாற்றிச் செய்யுங்க. கால் பலத்துக்கு, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்க. 65 வயதைத் தாண்டியவங்க வாரத்தில் மூன்று நாளாவது இப்படிச் செய்யணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. நான் பால் பொங்கும்வரை அடுப்பு மேடையைப் பிடிச்சுக்கிட்டு நிற்கிறேன். இப்ப கண்ணை மூடிப் பன்னிரண்டு வரை வருது.

அந்த அக்கா இன்னைக்கு வந்திருக்காங்க, மூணாவது வரிசையில் கைத்தடியோடு. மேடம் பக்கத்தில் இருக்க, நேத்து ஏழு எண்ணினாங்க.

சரி, எல்லோரும் எழுந்திருங்க. வயசானவங்க ஜன்னல் பக்கம் போய்க் கம்பியைப் பிடிச்சுக்கோங்க. செருப்பைக் கழட்டியாச்சா? எண்ணலாமா?