யாருடைய கதையை எழுதுவது?

(பழைய மாணவிகள் சங்க லண்டன் கிளையின் ஒன்றுகூடலில், மருத்துவராகப் பணியாற்றும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மருத்துவபீட விண்ணப்பத்தில் பிள்ளைகள் தங்களைப் பற்றி எழுத வேண்டிய பகுதியைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். ஊரில் உயர்தரம் எடுத்து மருத்துவபீடம் போன எங்களைப் போன்றவர்கள் இதைப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். நீ ஏன் டொக்டராக வர விரும்புகிறாய் என்று எங்களிடம் எந்தப் பல்கலைக்கழகமும் கேட்கவில்லை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல், மாவட்ட வெட்டுப்புள்ளி, அவ்வளவுதான். ஜாம் போத்தல் விளக்கில் படித்ததையோ, 1995இல் கொப்பிகளையும் தூக்கிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்ததையோ எழுத விண்ணப்பத்தில் இடமே இருக்கவில்லை. எங்கள் அனுபவத்தை நாங்களே தெரிந்தெடுத்து எழுதிய ஒரே இடம் ஆறாம் வகுப்புக் கட்டுரைக் கொப்பி. "நான் ஒரு வைத்தியரானால்" என்ற தலைப்பு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் செய்வோம் என்று வகுப்பு முழுவதும் எழுதினோம்.

இங்கே பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. யூகாஸ் விண்ணப்பத்தில் இடைவெளிகளும் சேர்த்து 4000 எழுத்துருக்கள். 2026 அனுமதியிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்திருக்கிறார்கள்: ஏன் இந்தப் படிப்பு, படித்த பாடங்கள் அதற்கு எப்படி ஆயத்தப்படுத்தின, பாடசாலைக்கு வெளியே என்ன செய்தாய். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துருக்கள் வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் எங்கள் தோழிகளின் பிள்ளைகளுக்கு 5300 எழுத்துருக்களில் ஒரு கட்டுரை, அதற்கு மேலாக 15 அனுபவங்கள் வரை பட்டியலிடலாம். இங்கு சில மருத்துவபீடங்கள் இந்த எழுத்துக்குப் புள்ளியே போடுவதில்லை, யூகற் பரீட்சையைத்தான் பெரிதாகப் பார்க்கின்றன. அதற்காக ஏனோதானோ என்று எழுத முடியாது. எழுதியதை வைத்துக்கொண்டே நேர்முகத்தில் கேள்வி கேட்கும் இடங்களும் உண்டு.

2007இல் யூகாஸ் ஒரு வேலை செய்தது. ஏறத்தாழ 50,000 விண்ணப்பங்களைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் இரசாயனப் பரிசோதனை செய்து பைஜாமாவில் ஓட்டை விழ எரித்துக்கொண்ட கதை 234 பேரிடம் இருந்தது. அத்தனை பேரும் ஒரே மாதிரி எழுத்தைப் பார்த்து எழுதியிருந்தார்கள். சிரிப்பு வருகிறது. ஆனால் கடன் வாங்கிய கதை எங்கள் வீடுகளிலும் இருக்கிறது. அது இணையத்திலிருந்து வருவதில்லை, எங்களிடமிருந்து வருகிறது.

ஹரோவில் பிறந்த பிள்ளை, போர்க்காலத்தில் மருந்தில்லாமல் மக்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் மருத்துவராக முடிவெடுத்தேன் என்று எழுதுகிறாள். பார்த்தது அம்மா. நேர்முகத்தில் இருப்பவர் இரண்டாவது கேள்வியிலேயே "அது உங்கள் அம்மா. நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் பிள்ளையிடம் பதில் இருக்காது. சில வீடுகளில் 95ஐப் பற்றி மகள் முதன்முதலாக வாய் திறந்து கேட்பதே இந்த விண்ணப்பத்துக்காகத்தான். கேட்கட்டும், அம்மாவும் சொல்லட்டும். நேரமெடுத்து, அழுதாலும் பரவாயில்லை என்று சொல்லட்டும். ஆனால் ஒக்டோபர் 15ஆம் திகதிக்கு முன் சுருக்கி அனுப்புவதற்கென்று அதைக் கேட்டால் இருவருக்கும் மனம் நோகும். அம்மா சொன்னதைக் கேட்டபின் பிள்ளை தானே ஏதாவது செய்திருந்தால் அதை எழுதலாம், அம்மாவிடம் கேட்டுவிட்டு.

அண்மையில் ஒரு பழைய மாணவியின் மகள் தன் வரைவைக் கொண்டுவந்தாள். பிள்ளையும் அவளுடைய அப்பம்மாவும் சம்மதித்த அளவுக்கு மட்டும் சொல்கிறோம். வரைவில் முக்கால்வாசி, காசு கட்டி வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு கிழமை நின்ற கதை. மிச்சம் அரங்கேற்றம், பியானோ, கராத்தே. கடைசியில் ஒரு வரி: அப்பம்மாவை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவேன். அந்த வரியைப் பற்றிக் கேட்டோம். அரை மணித்தியாலம் பேசினாள்.

அப்பம்மா "கால் உளையுது" என்றாராம். பிள்ளை அதை நோ என்று ஆங்கிலத்தில் சொன்னாள். டொக்டர் எங்கே நோகிறது என்று கேட்க, அப்பம்மா "நோகேல்லை பிள்ளை, உளையுது" என்றார். இவளுக்கு ஆங்கிலச் சொல் வரவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாமல், "இதற்கு என்னிடம் சொல் இல்லை. பின்னேரத்தில் கூடும், பிடித்துவிட்டால் குறையும்" என்று டொக்டரிடம் விளக்கினாள். அடுத்த முறை மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யும்படி வரவேற்பில் கேட்டாள். தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் வந்ததும் அப்பம்மா இவளை வெளியே இருக்கச் சொன்னார். பேத்தி முன்னால் சொல்ல வெட்கப்பட்ட ஒரு வருத்தம் மாதக்கணக்காக இருந்திருக்கிறது.

"நான் கூட இருந்ததே அப்பம்மாவுக்கு இடைஞ்சலாக இருந்திருக்கு" என்றாள். பதினேழு வயதில் ஒரு பிள்ளை இதைக் கண்டுபிடித்திருக்கிறாள். எங்களில் சிலருக்கு இது விளங்கப் பல வருட வேலை தேவைப்பட்டது. இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "இதெல்லாம் ஒரு அனுபவமா?" என்கிறாள்.

அவள் பிறகு எழுதியதில் அப்பம்மாவின் வருத்தம் என்னவென்று இல்லை. அது அப்பம்மாவுக்குச் சொந்தம். முதியோர் இல்லத்தில் உதவி செய்யும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறோம்: பெயர், ஊர், நோய் என்று வேறொருவரை அடையாளம் காட்டும் எதையும் எழுத வேண்டாம். நீ அங்கே என்ன கவனித்தாய், அதன்பின் எதை மாற்றிச் செய்தாய் என்பது போதும்.

வெளிநாட்டுப் பயணம் கூடாது என்று சொல்ல வரவில்லை. காசு கட்டிப் போன இடத்தில் பிள்ளை உண்மையில் என்ன செய்தாள் என்று பாருங்கள். ஓரமாக நின்று பார்த்ததுதான் என்றால், சனிக்கிழமைகளில் அப்பாவின் கடையில் நின்று கோபக்கார வாடிக்கையாளரோடு பேசிப் பழகியது அதைவிடப் பெறுமதி. தமிழ்ப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்கு 'ழ' சொல்லிக்கொடுத்து, ஒரு பிள்ளைக்கு அது பிடிபடாதபோது வேறு வழி தேடியதும் அப்படித்தான். ஒரு விடயத்தைத் தெரிந்தெடுக்குமுன், அதைப் பற்றி ஐந்து நிமிடம் எந்தத் தாளையும் பார்க்காமல் பேச முடியுமா என்று பிள்ளையைப் பேச விட்டுப் பாருங்கள். மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிப் பல நாடுகளுக்கும் பரவிய சிறு நேர்முகச் சுற்றுகளில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அறை மாறி ஆள் மாறும். பாடமாக்கிய பேச்சு அங்கே அதிக நேரம் நிற்காது.

தாய்மாருக்கு ஒன்று. வரைவை வாங்கித் திருத்தும்போது பரிசுகளைச் சேர்க்கிறீர்கள், கடையை வெட்டுகிறீர்கள். கடையில் நின்றது தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற வெட்கம். தயவுசெய்து கடையை விட்டுவிடுங்கள்.

எங்கள் கிளையில் மருத்துவர்கள் சிலர் வரைவுகளை வாசிக்க முன்வந்திருக்கிறோம். செப்டம்பர் முதல் கிழமைக்குள் செயலாளரிடம் கொடுத்தால் ஆறுதலாகப் பார்க்கலாம். எழுதித் தரும்படி மட்டும் கேட்காதீர்கள். வாசித்துவிட்டுக் கேள்வி கேட்போம், பதிலைப் பிள்ளையே எழுத வேண்டும். அம்மாமார் அந்த நேரம் பக்கத்து அறையில் தேத்தண்ணி குடிக்கலாம்.