சமையலறையில் பிறந்த சங்கீதம்

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

"வயிறு நிறைந்தவனுக்குத்தான் சங்கீதம், நமக்கு எதற்கு?" என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு அயர்லாந்துப் பிடில்காரர்களின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

அயர்லாந்து மழைக்குக் குறைவில்லாத பசுமையான தீவு. ஆனால் பிரிட்டிஷ் ஆட்சியில் நிலம் நிலப்பிரபுக்களிடம் இருந்தது. ஏழைக் குடியானவன் உருளைக்கிழங்கைத் தின்று உயிர் வாழ்ந்தான். 1845-ல் அந்தப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் பத்து லட்சம் பேர் கப்பலேறினார்கள். அந்தப் பஞ்சத்திலும் துறைமுகங்களிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக் கொண்டுதான் இருந்தது!

அந்த மக்களின் வாத்தியம் பிடில். சமையலறைதான் அவர்களுடைய மேடை. வேலை முடிந்த இரவில் ஒரு வீட்டில் கூடுவார்கள். மேசையை ஓரமாகத் தள்ளுவார்கள். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையால் ஒருவர் வில்லை இழுப்பார், மற்றவர்கள் ஆடுவார்கள். கஷ்டத்திலிருக்கும் குடும்பத்துக்கு அங்கேயே காசு சேர்ப்பதும் உண்டு.

இது பாதிரிமார்களுக்குப் பொறுக்கவில்லை. லீட்ரிம் ஜில்லாவில் ஜிம்மி கிரால்டன் என்ற கம்யூனிஸ்ட், ஊர் மக்களோடு சேர்ந்து ஒரு மண்டபம் கட்டினார். அங்கே ஆட்டமும் நடந்தது, நிலப் பிரச்னையும் பேசப்பட்டது. 1932 இறுதியில் மண்டபம் கொளுத்தப்பட்டது. 1933-ல் அவரை விசாரணையின்றி நாடு கடத்தினார்கள். நாடு கடத்தியது அன்னிய அரசாங்கமல்ல, சுதந்திரம் பெற்ற அயர்லாந்தின் அரசாங்கம்! 1935-ல் சட்டமே வந்துவிட்டது: நீதிமன்றத்தின் லைசென்ஸ் இல்லாமல் பொது நடனம் கூடாது. அதைச் சாக்காக வைத்து வீட்டு ஆட்டங்களையும் ஒடுக்கினார்கள்.

இசை செத்துவிட்டதா? இல்லை. பிழைக்கப் போனவர்களோடு அதுவும் போயிற்று. ஸ்லைகோ ஜில்லாவின் மைக்கேல் கோல்மன் 1914-ல் அமெரிக்கா போனார். நியூயார்க்கில் அவர் வாசித்த இசைத்தட்டுகள் ஊர் திரும்பின. அவற்றைக் கேட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் கற்றார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் லண்டனில் கட்டட வேலை செய்த ஐரிஷ் தொழிலாளிகள், மதுக்கடை மூலைகளில் கூடி வாசித்தார்கள்.

கிதார் பிறகு வந்த விருந்தாளி. 1960, 70-களில்தான் பிடிலுக்குத் துணையாக அது நன்றாகப் பரவியது. துணை என்றால் என்ன? மார்ட்டின் ஹேய்ஸும் டென்னிஸ் கேஹிலும் மேடையில் வாசிப்பதைக் கேட்டால் விளங்கும். ஹேய்ஸ், கிளேர் ஜில்லாவில் பிடில் வாசித்த ஒரு விவசாயியின் மகன். கேஹில், சிகாகோவில் குடியேறிய ஐரிஷ் பெற்றோரின் மகன், 2022-ல் காலமானார்.

1999-ல் வெளியான அவர்களுடைய சியாட்டில் கச்சேரிப் பதிவை நாங்கள் கேட்டோம். இரண்டு பேர், இரண்டு வாத்தியம். வேறு ஆடம்பரம் இல்லை. பிடில் மெல்லத் தொடங்குகிறது. ஒரு மெட்டு முடியுமுன் அதன் வாலைப் பிடித்து அடுத்த மெட்டு வருகிறது. கிதாரோ ஒன்றிரண்டு சுரம் மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது. பிடில் வேகமெடுக்கும்போது தோள் கொடுக்கிறது. நெடுநேரம் போன பின், அடக்கிப் பிடித்திருந்த கூட்டம் ஆரவாரம் செய்கிறது. அந்த ஆரவாரம் வில்லை மேலும் விரட்டுகிறது. வாசிப்பவர், துணை நிற்பவர், கேட்பவர் மூவரும் சேர்ந்துதான் அந்த இசையை உண்டாக்குகிறார்கள்.

அந்த மெட்டுகளில் பலவற்றை யார் கட்டினார் என்று யாருக்கும் தெரியாது. காதால் கேட்டு, கைமாறி வந்தவை. நிலத்துக்குப் பட்டா எழுதிக்கொண்டவர்களால் இதற்குப் பட்டா எழுத முடியவில்லை.

தோழர்களே! பஞ்சம் வந்தது, பாதிரி வந்தார், போலீஸ் வந்தது. அந்தச் சமையலறைப் பிடில் இன்னும் ஒலிக்கிறது. ஏன்? வேலை முடிந்த களைப்பிலும் ஒருவர் வாசிக்க, பக்கத்தில் ஒருவர் துணை நிற்க, பத்துப் பேர் கூடிக் கேட்டார்கள். நமக்கு எதற்குச் சங்கீதம் என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்.