மொட்டைக் கழுத்துக் கோழி வான்கோழிக் கலப்பா?



கழுத்தில் இறகு இல்லாத கோழியைப் பார்த்திருப்பீர்கள். 'இது வான்கோழிக்கும் நாட்டுக்கோழிக்கும் பிறந்தது' என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் நம்ப வேண்டாம். மேல்நாட்டிலும் இந்த எண்ணம் இருந்ததால்தான் ஆங்கிலத்தில் இதற்கு 'டர்க்கன்' என்ற பெயரும் வந்தது. உண்மையில் இது முழுக்க முழுக்கக் கோழியே.

கழுத்து மொட்டையாவதற்கு ஒரே ஒரு மரபணுதான் காரணம். அது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் உடலில் இறகு ஏறத்தாழ 40 சதம் குறையும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஏறத்தாழ 20 சதம் குறையும்; முன்கழுத்தில் ஒரு கொத்து இறகு நிற்கும். இத்தகைய கொத்துள்ள சேவலைச் சாதாரணப் பெட்டைகளோடு விட்டுப் பாருங்கள். குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி மொட்டைக் கழுத்தோடு பிறக்கும். இறகு குறைவாக இருப்பதால் உடல் சூடு எளிதில் வெளியேறும். வெயில் மிகுந்த ஊர்களுக்கு இது நல்ல குணம்.

எவற்றைக் கலக்க முடியும்? கருமையான இறைச்சி தரும் ஜாபுவா மாவட்டத்துக் கடக்நாத், சண்டைக்குப் பெயர்போன அசில், வெள்ளை லெகார்ன் எல்லாம் தோற்றத்தில் வேறுபட்டாலும் ஒரே இனம். இவை தம்முள் தாராளமாகக் கலக்கும். குஞ்சுகளும் இனம் பெருக்கும். ஆகவே கடக்நாத்தைத் தூய்மையாக வைக்க விரும்புவோர் வேறு சேவல் அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோழியும் வான்கோழியும் வேறு வேறு இனங்கள். செயற்கை முறையில் கருவூட்டினாலும் அரிதாகவே கருத்தரிக்கும். அந்தக் கருவும் பெரும்பாலும் முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். கினிக்கோழியும் கோழியும் சேர்ந்து எப்போதாவது குஞ்சு பொரிக்கும். ஆனால் அது கோவேறு கழுதையைப் போல மலடு. மணிலா வாத்தையும் சாதாரண வாத்தையும் கலந்து பிரான்சிலும் தைவானிலும் இறைச்சிக்காக வளர்க்கிறார்கள். அவையும் மலடுதான். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலந்தே குஞ்சு பெற வேண்டும்.

கலப்புக் குஞ்சு கிடைக்கும் என்ற ஆசையில் வான்கோழியையும் கோழியையும் ஒரே கொட்டகையில் விடாதீர்கள். கோழியின் குருட்டுக் குடலில் வாழும் புழுவின் முட்டை வழியாகக் கருந்தலை நோய்க் கிருமி வான்கோழிக்குப் பரவும். கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். வான்கோழியோ கந்தக மஞ்சள் நிறத்தில் கழிந்து, கல்லீரல் கெட்டு, கூட்டமாக மடியும். அந்தப் புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே கோழி மேய்ந்த இடத்தில்கூட வான்கோழியை மேய விடக்கூடாது.

குஞ்சு வாங்கும்போது பெயரைக் கேட்டு மயங்காமல், அதன் தாய்க் கோழியையும் சேவலையும் நேரில் பார்த்து வாங்குங்கள்.