மண்ணின் கணக்கும் பாட்டத்தின் கணக்கும்



காஞ்சிரங்குளத்து அடுப்படியில் தாளிக்கும் கடுகு இங்கு விளைவதன்று. கடுகு விளைச்சலில் முதலிடம் வகிப்பது ராஜஸ்தான். மண்வள அட்டைத் திட்டமும் அம்மாநிலத்துச் சூரத்கரில்தான் 2015 பிப்ரவரி 19 அன்று தொடங்கப்பட்டது. கடுகுக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகளோடு கந்தகமும் வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகம் 11 சதவீதம் உண்டு, டிஏபியில் இல்லை. மண்ணில் எது குறைவு என்று பரிசோதனை காட்டாவிட்டால், எந்த மூட்டை வாங்குவது என்பதை உரக்கடையே தீர்மானிக்கும்.

தொழுவுரம் ரசாயன உரத்துக்குப் பகையன்று. எரு தரும் சத்தைக் கழித்து, மீதியை மட்டும் உரமாக இடுவதே முறை. ஆனால் எரு தன் சத்தை ஒரே பருவத்தில் கொடுத்துவிடுவதில்லை. ஈரம் காத்து மண்ணைப் பொலபொலப்பாக்கும் அதன் பயன் ஆண்டுகள் கடந்தே கூடும்.

நெய்யாற்றின்கரை வட்டாரத்தின் செம்மண் அமிலத்தன்மை கொண்டது. எருவுக்கு முன் சுண்ணாம்பும் கேட்பது. அச்செலவை யார் ஏற்பது? கேரளம் 1970 ஜனவரி 1 அன்று குத்தகை முறையை ஒழித்தது. ஆயினும் வாழையும் மரவள்ளியும் வாய்மொழிப் பாட்டத்தில் இன்றும் பயிராகின்றன. அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று அறியாதவர் எருவைச் சுமப்பதெப்படி? யூரியாவைத் தூவி இவ்வாண்டு விளைச்சலை எடுக்கவே பார்ப்பார். அது அவரது அறியாமையன்று, கையறுநிலை.

ஆகவே, மண் பரிசோதனையைக் கோரும் உழவர் இயக்கம், பாட்டத்துக்கு எழுத்துப்பூர்வமான பல்லாண்டு உறுதியையும் சேர்த்தே கோர வேண்டும். மண்ணுக்கு அட்டை வந்துவிட்டது. உழைப்பவர் கைக்கு இன்னும் ஆவணம் வரவில்லை.