பிரஷரும் நம் ரத்தக் குழாய்களும்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் பேசியது)



சந்தா, தவணை எல்லாம் முடிஞ்சுது. கிளம்புறதுக்கு முன்னாடி பிரஷரைப் பத்திக் கொஞ்சம் பேசிடுவோம். நம்ம குழு அக்கா ஒருத்தர், "தலைசுத்தலே இல்லை, எதுக்கு மாத்திரை?"ன்னு நாலு மாசமா நிறுத்திட்டாங்க. ஒருநாள் காலையில பல் விளக்கும்போது வாய் கோணி, வலது கை விழுந்துடுச்சு. கறவை மாட்டுக்கு அவங்க வாங்கின கடனை இப்போ நாமெல்லாம் சேர்ந்து கட்டுறோம். அவங்களால இன்னும் பால் கறக்க முடியலை.

இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்க்குத் தமனி என்று பெயர். இதயம் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் தமனி ரப்பர் போல விரிந்து சுருங்கி அந்த வேகத்தைத் தாங்குகிறது. வயது ஏற ஏற அந்த ரப்பர்த்தன்மை தேய்ந்து குழாய் இறுகிவிடும். வெயில்ல கிடந்த ஓஸ் விறைச்சுப்போகுமே, அது மாதிரி. இறுகின குழாயில் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் குழாய் இன்னும் இறுகும். வட்டிக்கு வட்டி போடுற கதைதான், நமக்குத் தெரியாததா? கடைசியில் மூளை, கண், சிறுநீரகத்தில் உள்ள மெல்லிய குழாய்கள்தான் அடி வாங்குகின்றன.

வயதானவர்களுக்கு மேல் அளவு மட்டும் ஏறி, கீழ் அளவு குறைவாகவே இருக்கலாம். 160க்கு 80 என்று வந்தால், "கீழே சரியா இருக்கே"ன்னு விட்டுடாதீங்க. வேறு வேறு நாட்களில் பார்த்தும் மேலே 140 அல்லது கீழே 90 தொட்டால் அது உயர் ரத்த அழுத்தம்தான். "வயசோட 100ஐக் கூட்டிக்கோ" என்பது பழைய கணக்கு. மாதவிடாய் நின்ற பிறகு நம்மில் பலருக்கு இது ஏறும். மாத்திரையால்தான் அளவு இறங்கியிருக்கும். இறங்கிடுச்சேன்னு நாமா நிறுத்தினா திரும்ப ஏறிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம்தானே!

உப்பு ஒரு ஆளுக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதிலேயே அடக்கம். கருவாட்டை விடச் சொன்னா எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.

வெளியே திண்ணையில நர்ஸம்மா கருவியோட உட்கார்ந்திருக்காங்க. அஞ்சு நிமிஷம் அமைதியா உட்கார்ந்துட்டு அப்புறம் கையை நீட்டுங்க. இப்பத்தான் டீ குடிச்சவங்க அரை மணி நேரம் கழிச்சுப் போங்க.