"முதல்ல வரட்டும், அப்புறம் பார்க்கலாம்"

(பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் தெருவுக்குப் பாதாள சாக்கடை வரப்போகிறது. அதற்கான டெபாசிட்டை நம் வளாகத்தில் பாதிப் பேர்தான் கட்டியிருக்கிறோம். மற்றவர்கள் சொல்வது ஒன்றே: "முதல்ல வரட்டும், அப்புறம் பார்க்கலாம்." அவர்களைக் குறை சொல்ல வரவில்லை. இதையே நானும் ஒரு காலத்தில் சொன்னவன்.

1990-களின் கடைசியில் ஆதம்பாக்கத்தில் குடியிருந்தேன். அப்போது அது ஆலந்தூர் நகராட்சி. ஊர் முழுக்க செப்டிக் டேங்க்தான். கழிவுநீர் லாரி வரும் நாளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிடுவோம். நகராட்சி சுமார் 34 கோடி ரூபாயில் பாதாள சாக்கடைத் திட்டம் போட்டது. மானியமும் கடனும் போதாமல், வீட்டுக்கு 5000 ரூபாய், கடைகளுக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடமே டெபாசிட் கேட்டார்கள். ஒரு பள்ளம்கூடத் தோண்டாத நேரத்தில்! அன்றைய நகராட்சித் தலைவர் ஆர்.எஸ். பாரதி முன்னின்று நடத்தினார். ஆனால் கதவைத் தட்டி மக்களைச் சம்மதிக்க வைத்ததில் குடியிருப்போர் நலச்சங்கங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

எங்கள் சங்கத்துப் பெரியவர் ஒருவர் என் வீட்டுக்கு மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை, "பேங்க்ல வேலை பார்க்கிற நீங்களே கட்டலேன்னா, மத்தவங்க எப்படி சார் நம்புவாங்க?" என்றார். மறுநாளே கட்டிவிட்டேன்.

2000-ல் வேலை தொடங்கியது. கட்டிய பிறகுதான் எனக்குள் ஒரு மாற்றம். ஆபீஸ் போகும்போது நின்று பள்ளத்தை எட்டிப் பார்ப்பேன். குழாய் சரிவு சரியா, மூடி ரோட்டு மட்டத்தில் இருக்கிறதா என்று கேட்பேன். நான் மட்டுமில்லை, தெருவே கேட்டது. நம் பணம் உள்ளே இருக்கிறதே!

இங்கே என்ன நடந்தது? போன வருடம் வாசலில் மழைநீர் வடிகால் கட்டினார்கள். நம் கேட்டை விட உயரமாகக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மட்டம் வைத்த நாட்களில் நம்மில் ஒருவர்கூடக் கீழே இறங்கவில்லை. பேப்பரும் கையுமாகப் பால்கனியில் உட்கார்ந்திருந்த நான் உட்படத்தான். பிறகு மழையில் கார் பார்க்கிங்கில் தண்ணீர் நின்றதும் வாட்ஸ்அப்பில் எத்தனை மெசேஜ்!

பணம் கட்டிவிட்டு வேலை இழுத்தடித்தால் என்ன செய்வது என்ற சந்தேகம் நியாயமானது. ஆகவே ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குவோம். எத்தனை பேர் கட்டியிருக்கிறார்கள் என்று மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். பள்ளம் தோண்டும் நாட்களில் பிளாக்குக்கு இரண்டு பேர் முறை வைத்து வாசலில் நிற்க வேண்டும். இதற்குப் பெயர் கொடுக்க இன்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பெயர் என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை காலை பொருளாளர் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன். நோட்டு எண்ணுகிற வேலை இன்னும் மறக்கவில்லை. வாருங்கள்.