ஷென்சென்னும் நாங்குநேரியும்

சீனச் சமூகங்களில் நேர்ந்த அரசியல், பொருளாதார மாற்றங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று இக்கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளையினர் பணித்தார்கள். நான் பெய்ஜிங்கை விட்டுவிட்டு நாங்குநேரியிலிருந்து தொடங்குகிறேன். பாளையங்கோட்டையில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

மத்திய வர்த்தக அமைச்சராக இருந்த முரசொலி மாறன், சீனாவின் சிறப்புப் பொருளாதார மண்டலங்களை நேரில் பார்த்துவிட்டு வந்து, 2000-ஆம் ஆண்டில் இங்கும் அதே பெயரில் கொள்கையை அறிவித்தார். 2005-இல் சட்டம் வந்தது. நாங்குநேரியில் இத்தகைய ஒரு மண்டலத்துக்கு, அரசு நிறுவனமான டிட்கோவின் பங்கோடு சுமார் 2,500 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பகுதி காலியாகத்தான் கிடக்கிறது. "சீனாவாக இருந்தால் ஒரே உத்தரவில் முடிந்திருக்கும், இங்கே ஓட்டுப் போட்டே கெட்டோம்" என்று டீக்கடையில் மட்டுமல்ல, பேராசிரியர்கள் அறையிலும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அந்தச் சீன மண்டலங்களில் ஒன்றான ஷென்சென்கூட ஒரே உத்தரவில் எழுந்த ஊர் அல்ல. ஹாங்காங் எல்லையை ஒட்டிய அந்த வட்டாரத்திலிருந்து மக்கள் உயிரைப் பணயம் வைத்து அக்கரைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். குவாங்டோங் மாகாணத்தை அப்போது நடத்தியவர் ஷி சோங்சுன். இன்றைய சீன அதிபரின் தந்தை. 1979-இல் அவர் மத்திய அரசிடம் கேட்டது அதிகாரம். மாகாணம் ஒரு நிர்ணயிக்கப்பட்ட தொகையை மட்டும் பெய்ஜிங்குக்குக் கட்டினால் போதும், மிச்சம் மாகாணத்துக்கே என்று ஏற்பாடானது. 1980 ஆகஸ்டில் 327.5 சதுர கிலோமீட்டரில் மண்டலம் பிறந்தது. ஹாங்காங் முதலாளிகளின் பட்டறைகள் எல்லை தாண்டி வந்தன.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1987 டிசம்பர் 1 அன்று ஷென்சென் நகராட்சி 8,588 சதுர மீட்டர் மனை ஒன்றின் 50 ஆண்டுப் பயன்பாட்டு உரிமையைப் பகிரங்க ஏலத்தில் விட்டது. 52.5 லட்சம் யுவானுக்குப் போயிற்று. நிலத்தைக் கைமாற்றுவதற்கு அன்றைய அரசமைப்புச் சட்டத்தில் இடமே இல்லை! நான்கு மாதம் கழித்து, 1988 ஏப்ரலில், அரசமைப்பைத் திருத்தினார்கள். முதலில் ஊர் செய்தது; பிறகு தலைநகர் சட்டமாக்கியது. நம் நகராட்சிக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ அந்தத் துணிச்சலுக்கு வழியுண்டா? நாம் அங்கிருந்து வேலியையும் வரிச்சலுகையையும் மட்டும் எடுத்துவந்தோம்.

ஷென்சென்னின் வளர்ச்சிக்கு அங்கே கொடுத்த விலையும் உண்டு. ஹூனானிலிருந்தும் சிச்சுவானிலிருந்தும் வந்து அந்நகரைக் கட்டியவர்களில் பலருக்கு அங்கே குடும்பப் பதிவு கிடைக்கவில்லை. பதிவில்லாததால் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. இதைக் கேட்க அவர்களுக்கு ஓட்டும் இல்லை, சுயேச்சையான சங்கமும் இல்லை.

சீனச் சமூகம் என்றால் நாம் மறந்துவிடும் இன்னொன்று தைவான். 1949-இல் அங்கே குத்தகை வாரத்துக்கு 37.5 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1953-இல் வரம்புக்கு மேற்பட்ட நிலத்தை எடுத்து உழுதவனுக்கே விற்றார்கள். நிலக்கிழாருக்குத் தந்த விலையில் 30 சதவீதம் அரசு ஆலைகளின் பங்குகள். இதையும் அடக்குமுறை அரசுதான் செய்தது; ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் 1987-இல் ராணுவச் சட்டம் நீங்கி, 1996-இல் மக்களே அதிபரைத் தேர்ந்தெடுத்தார்கள். தொழில் படுத்துவிடவில்லை. இத்தனைக்கும் ஏற்றுமதி மண்டலத்தில் நாம்தான் முந்தினோம்: நம் கண்ட்லா 1965, அவர்களுடைய காவோசியுங் 1966.

வித்தியாசம் நிலத்தில் இருக்கிறது. இங்கே தாமிரபரணிப் பாசனத்தில், காரும் பிசானமும் விளையும் நன்செய்க்கு 1956-இலேயே நியாய வாரச் சட்டம் 40 சதவீதம் என்று வரையறுத்தது. ஆனால் 1961-இன் நில உச்சவரம்புச் சட்டம் கோயில், மட நிலங்களுக்கு விலக்கு அளித்தது. நம் ஆற்றங்கரையில் அந்த விலக்கு எத்தனை வயலுக்குப் பொருந்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குத்தகைக்காரர் கையில் மிச்சம் தங்காத ஊரில் சிறுதொழில் தானாக முளைக்காது என்பது என் கட்சி.

வடக்கே கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் நிலைமை வேறு. டயர் ஆலை ஓடுகிறது, டாடாவின் 4.3 ஜிகாவாட் சூரியத் தகட்டு ஆலை வந்திருக்கிறது. சூரியத் தகடு சீனாவின் ஆதிக்கத்தில் இருக்கும் தொழில். ஒரே மாவட்டத்தில், ஒரே ஓட்டுரிமையின் கீழ், ஓரிடம் ஓடுகிறது, ஓரிடம் கிடக்கிறது. அப்படியானால் குற்றம் ஓட்டின் மேல் இல்லை.

இங்கே அமர்ந்திருக்கும் பொருளாதார மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு இடங்களுக்கும் போங்கள். நிலம் கொடுத்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள், ஊராட்சிக்கு எவ்வளவு வரி வந்தது, யாருக்கு வேலை கிடைத்தது என்று விசாரித்து ஆய்வேடாக எழுதுங்கள்.